22 நாட்டுக்கோழிகளின் முட்டையை விற்கப் பதிவு எண் வாங்க வேண்டுமா?

செம்பருத்தி, கோவை

வணக்கம். வடவள்ளிப் பக்கம் எங்கள் வீட்டுக்குப் பின்னால் 22 நாட்டுக்கோழிகள் வளர்க்கிறேன். வீட்டுத் தேவை போக மிஞ்சும் முட்டையைத் தெருவில் நாலைந்து வீடுகளுக்கு ஒன்று 15 ரூபாய் என்று கொடுத்துவருகிறேன். இப்போது பக்கத்தில் ஓர் இயற்கை அங்காடி வாராவாரம் எடுத்துக்கொள்கிறேன் என்கிறது. ஆனால் எஃப்எஸ்எஸ்ஏஐ எண், அதாவது மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தரும் பதிவு எண், இல்லாமல் வாங்க முடியாது என்கிறார்கள். அடுத்த தெருவில் ஒருவர், தெருவில் கொடுப்பதற்கே எண் வேண்டும், பிடித்தால் லட்சக்கணக்கில் அபராதம் என்று பயமுறுத்திவிட்டார். உண்மையில் சட்டம் என்ன கேட்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சிறுவிடை, தாராபுரம்

ஒன்றும் வேண்டாங்க. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம், 2006. அதன் 18-ஆம் பிரிவு, 3-ஆம் உட்பிரிவை எடுத்துப் படியுங்கள். விவசாயிக்கும் மீனவருக்கும், விவசாய வேலைகளுக்கும், கால்நடைக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது என்று அதில் நேராகவே எழுதியிருக்கிறது. உங்கள் கோழி, உங்கள் தீவனம், உங்கள் முட்டை. இதில் உணவு வணிகம் எங்கே வந்தது?

நான் சிறுவிடை இனம்தான் வளர்க்கிறேன். சந்தைக்கும் கொண்டுபோகிறேன், வீட்டிலும் விற்கிறேன். எங்கள் பாட்டி காலத்திலிருந்து கோழி முட்டைக் காசு வீட்டுப் பெண்களின் கைக்காசு. அதற்குள் அரசாங்கக் காகிதத்தை நாமே கூப்பிட்டுக் கொண்டுவர வேண்டாம்.

பசுமை அங்காடி, கோவை

நான் கடை நடத்துகிறவன். செம்பருத்தி அக்கா சொல்லும் கடை என்னுடையது இல்லை. இருந்தாலும் நானும் அதே எண்ணைத்தான் கேட்பேன். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

2011-ஆம் ஆண்டு உரிமம், பதிவு ஒழுங்குமுறைகளில் உரிமதாரருக்கான நிபந்தனைகளில் ஒன்று, உரிமமோ பதிவோ உள்ளவரிடம்தான் வாங்க வேண்டும், அதற்குக் கணக்கும் வைத்திருக்க வேண்டும் என்பது. அப்புறம் சட்டத்தின் 27-ஆம் பிரிவு. யாரிடமிருந்து பொருள் வந்தது என்று விற்பனையாளரால் காட்ட முடியாவிட்டால் பொறுப்பு அவர் தலையில் விழும். நாளைக்கு ஒரு குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்று யாராவது வந்தால் எங்கள் கடைப் பேரேட்டில் ‘தெருக்கோடி அக்கா, 60 முட்டை’ என்று எழுதியிருந்தால் போதுமா?

பதிவுக்கு ஆகும் செலவு ஆண்டுக்கு 100 ரூபாய். எஃப்எஸ்எஸ்ஏஐயின் ஃபாஸ்காஸ் இணையதளத்தில் படிவம் ‘ஏ’, ஒரு புகைப்படம், ஓர் அடையாள அட்டை. 2011 ஒழுங்குமுறைகள் வந்தபோது ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் வரை உள்ளவர்களைச் சிறு உணவு வணிகர்கள் என்று வைத்தார்கள். அவர்களுக்கு உரிமம் வேண்டாம், பதிவு போதும். ஓர் அட்டை முட்டையின் விலையைவிடக் குறைவான காசுக்கு நிம்மதி கிடைக்கிறது என்றால் ஏன் மறுக்க வேண்டும்?

சிறுவிடை, தாராபுரம்

100 ரூபாய் பிரச்சினையே இல்லை. அதே 2011 ஒழுங்குமுறைகளை இன்னும் கொஞ்சம் கீழே படித்துப் பாருங்கள். பதிவு பெற்ற இடத்தை ஆண்டுக்கு ஒரு முறையாவது ஆய்வு செய்ய வேண்டும் என்று இருக்கிறது. படிவத்தோடு சுகாதார விதிகளுக்குக் கட்டுப்படுகிறேன் என்று உறுதிமொழியும் கொடுக்கிறீர்கள். அந்த விதிகள் சமையல் கூடத்தையும் தின்பண்டக் கடையையும் மனதில் வைத்து எழுதியவை. சுவர், தரை, வடிகால், பணியாளரின் மருத்துவச் சான்று. மரத்தில் ஏறித் தூங்குகிற கோழிக்கு இதில் எதை அளப்பீர்கள்?

கணக்கும் போட்டுப் பாருங்கள். சரியான நாட்டுக்கோழி ஆண்டுக்கு அறுபது, எழுபது முட்டைதான் இடும். பண்ணையில் கூண்டில் இருக்கிற லேயர் கோழிக்கு அது முந்நூறு. முட்டை 15 ரூபாய் என்றால் நீங்கள் சொன்ன 12 லட்சத்துக்கு 80,000 முட்டை விற்க வேண்டும். அதற்கு ஆயிரத்து நூறு நாட்டுக்கோழிக்கு மேல் வேண்டும். இந்த அக்காவிடம் இருப்பது 22. முழுவதையும் விற்றாலும் ஆண்டுக்கு 24,000 ரூபாய் தேறாது. இந்த அளவுக்கு ஒரு சட்டம் தேவையா என்பதுதான் என் கேள்வி.

கருப்புக்கோட்டு, மதுரை

இருவரும் சட்டத்தின் வெவ்வேறு பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அபராதப் பயம். உரிமம் இல்லாமல் வணிகம் செய்வோருக்கான தண்டனை 63-ஆம் பிரிவில் வருகிறது. அந்தப் பிரிவிலேயே அடைப்புக்குறிக்குள், 31(2)-இன் கீழ் உரிமத்திலிருந்து விலக்குப் பெற்றவர்கள் நீங்கலாக என்று சொல்லியிருக்கிறது. 31(2) யாரைப் பற்றியது? தானே செய்து விற்கும் சிறு உற்பத்தியாளர், சிறு சில்லறை வியாபாரி, தெரு வியாபாரி ஆகியோரைப் பற்றியது. அவர்களுக்கு உரிமம் வேண்டாம், பதிவு வேண்டும். ஆகவே 22 கோழி வைத்திருப்பவரை 63-ஐக் காட்டி மிரட்ட முடியாது. தனியாகத் தண்டனை சொல்லாத மீறல்களுக்கென்று 58-ஆம் பிரிவு இருக்கிறது. அதன் உச்ச வரம்பு 2 லட்சம். உச்ச வரம்பு என்றால் அதையேதான் போடுவார்கள் என்று அர்த்தமில்லை. எவ்வளவு ஆதாயம் அடைந்தார், தெரிந்து செய்தாரா, திரும்பத் திரும்பச் செய்தாரா என்றெல்லாம் பார்க்க வேண்டும் என்று 49-ஆம் பிரிவு சொல்கிறது.

இரண்டாவது, இந்தத் திரியின் உயிர்நாடியான கேள்வி. சிறுவிடை சொன்ன 18(3) உண்மை. அதோடு சேர்த்துப் படிக்க வேண்டிய இன்னோர் இடமும் இருக்கிறது. 3-ஆம் பிரிவில் ‘முதன்மை உணவு’ என்பதற்கு வரையறை தந்திருக்கிறார்கள். வேளாண்மை, தோட்டக்கலை, கால்நடை வளர்ப்பு, மீன் வளர்ப்பு ஆகியவற்றிலிருந்து இயற்கை வடிவில் கிடைக்கும் விளைபொருள், விவசாயியோ மீனவரோ அல்லாத ஒருவர் கையில் இருக்கும்போது முதன்மை உணவு ஆகிறது. சட்டத்தின் பார்வையில் ‘உணவு’ என்ற வட்டத்துக்குள் அது அப்போதுதான் வருகிறது. உங்கள் கூடையில் இருக்கும்வரை அந்த முட்டை விவசாயியின் விளைபொருள். கடைக்காரர் கைக்கு மாறிய நிமிடத்தில் அது முதன்மை உணவு. முட்டை அதேதான், யார் கையில் இருக்கிறது என்பதை வைத்துச் சட்டம் மாறுகிறது.

சிக்கல் எங்கே என்றால், ‘விவசாயி’ யார் என்று இந்தச் சட்டம் எங்கும் வரையறுக்கவில்லை. தாராபுரத்தில் நிலமும் கோழியும் வைத்திருப்பவர் விவசாயி என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. வடவள்ளியில் வீட்டுக்குப் பின்னால் 22 கோழி வளர்க்கும் இல்லத்தரசி? நான் ஆம் என்றுதான் வாதாடுவேன். எதிர்த்தரப்பு வக்கீலும் சும்மா இருக்க மாட்டார்.

பசுமை அங்காடி, கோவை

கருப்புக்கோட்டு சார், அந்த எதிர்த்தரப்பு வாதத்தை நானே வைக்கிறேன். வருமான வரிச் சட்டம் கோழி வளர்ப்பில் வரும் பணத்தை விவசாய வருமானமாக ஏற்பதில்லை. அது தொழில் வருமானம். வரி விஷயத்தில் கோழி வளர்ப்பவர் விவசாயி இல்லை என்றால் உணவுச் சட்டத்தில் மட்டும் எப்படி விவசாயி ஆகிறார்? 18(3)-இன் வாசகமும் ‘பண்ணை அளவில் விவசாயி விளைவித்த பயிர்களின் பொருள்கள்’ என்றுதான் போகிறது. முட்டை பயிரா?

இன்னொன்று. இந்தச் சட்டத்தில் உணவு வணிகம் என்றால் லாபத்துக்காகச் செய்தாலும் இல்லாவிட்டாலும் வணிகம்தான். ‘மிஞ்சியதைத்தான் கொடுக்கிறேன்’ என்பது சட்டப்படி பதில் ஆகாது.

கருப்புக்கோட்டு, மதுரை

நல்ல கேள்விகள். ஒரு சட்டத்தின் வரையறையை இன்னொரு சட்டத்துக்கு அப்படியே தூக்கிக்கொண்டு போக முடியாது. வருமான வரிச் சட்டம் நிலத்திலிருந்து வரும் வருமானத்தைத் தனியாக நடத்துகிறது, அதன் நோக்கம் வேறு. உணவுச் சட்டமோ கால்நடை வளர்ப்பின் விளைபொருளையும் வயலின் விளைபொருளையும் ஒரே வரியில் வைத்துப் பேசுகிறது. ‘விவசாயி கையில் இல்லாதபோது’ என்று கால்நடைப் பொருளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறது. அப்படியென்றால் கால்நடை வளர்க்கும் விவசாயி என்று ஒருவரை அந்தச் சட்டம் ஏற்றுக்கொண்டுதான் இருக்கிறது. முட்டை பயிரா என்ற கேள்விக்கும் அதுதான் பதில்: 18(3)-இல் கால்நடை என்ற சொல் தனியாகவே இருக்கிறது.

விலக்கின் எல்லையையும் சொல்லிவிடுகிறேன், செம்பருத்தி அவர்களுக்கு உதவும். முட்டையை அவித்து விற்றால், கேக் செய்து விற்றால், உப்பிலிட்டு விற்றால் விலக்குப் போய்விடும். பக்கத்து வீட்டுக் கோழி முட்டையையும் வாங்கிச் சேர்த்து விற்றால் அந்தப் பங்குக்கு நீங்கள் விவசாயி இல்லை, வியாபாரி. அப்போது பதிவு கட்டாயம் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இரண்டு பிள்ளைகளின் அம்மா, திருச்சி

நான் வாங்குகிற பக்கத்திலிருந்து பேசுகிறேன். பிரிவு எண்கள் எனக்குத் தெரியாது. பிள்ளைகளுக்காக நாட்டுக்கோழி முட்டை என்று சொல்லி விற்பதைப் பண்ணை முட்டையைவிட இரண்டு மடங்கு விலை கொடுத்து வாங்குகிறேன். பழுப்பு ஓடு இருந்தால் நாட்டு முட்டை என்று நம்பவைக்கிறார்கள். பழுப்பு முட்டை இடுகிற கலப்பினக் கோழிகளைக் கூண்டில் வைத்து வளர்த்து, அதையும் நாட்டு முட்டை என்றே விற்கிறார்கள். எந்தக் கடையில் கேட்டாலும் ‘கிராமத்திலிருந்து வருகிறதும்மா’ என்பதுதான் பதில். எந்தக் கிராமம், யார் வீட்டுக் கோழி?

சிறுவிடை ஐயா, நீங்கள் நேர்மையாக வளர்க்கிறீர்கள் என்று நம்புகிறேன். ஆனால் ஒரு எண்கூட வேண்டாம் என்று நீங்கள் வாதாடும்போது அந்தப் பொய் வியாபாரிக்கும் சேர்த்துத்தான் கதவைத் திறந்துவிடுகிறீர்கள்.

சிறுவிடை, தாராபுரம்

அம்மா, உங்கள் கோபம் எனக்கும் உண்டு. அந்தப் பொய் வியாபாரத்தால் முதலில் அடிபடுவது நாங்கள்தான். எங்கள் கோழி இடும் முட்டை சின்னது, நாற்பது கிராம் தேறினால் பெரிது. ஓடு வெளிர் நிறமாகவோ கிரீம் நிறமாகவோதான் பெரும்பாலும் இருக்கும். பெரிதாக, ஒரே அச்சில் வார்த்த மாதிரி, எல்லாம் ஒரே பழுப்பில் ஓர் அட்டை முட்டை இருந்தால் அது கலப்பினக் கோழியின் முட்டை. அதைப் பார்த்துப் பழகிய வாடிக்கையாளர்கள் எங்கள் முட்டையைப் பார்த்து ‘இது சின்னதாக இருக்கிறதே, வெளுத்திருக்கிறதே’ என்று திருப்பிக் கொடுக்கிறார்கள்.

ஆனால் நான் கேட்பது இதுதான். அந்தப் பொய்யை விற்கும் கடைகளில் பலவற்றின் சுவரில் பதினான்கு இலக்கப் பதிவு எண் மாட்டியிருக்கிறது. எண் இருந்தும் பொய் நிற்கவில்லையே. எண் என்பது விற்பவர் யார் என்று சொல்லும். கோழி எது என்று சொல்லாது.

கருப்புக்கோட்டு, மதுரை

இந்த இடத்தில் சிறுவிடை சொல்வது சட்டப்படியும் சரி. பதிவு எண் தரச்சான்று கிடையாது. பொய்ப் பெயரில் விற்பதற்குத் தனிப் பிரிவுகள் உண்டு. தவறான பெயர், தவறான முத்திரை என்றால் 52-ஆம் பிரிவு, 3 லட்சம் வரை. தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்றால் 53, 10 லட்சம் வரை. திருச்சி அம்மா புகார் கொடுக்க வேண்டுமானால் இவற்றின் கீழ்தான் கொடுக்க வேண்டும். மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள், ரசீது வைத்துக்கொள்ளுங்கள்.

செம்பருத்தி அவர்களே, உங்களுக்கும் இதில் ஒன்று இருக்கிறது. பதிவு எண்ணைவிட அட்டைப்பெட்டியில் என்ன எழுதுகிறீர்கள் என்பதுதான் உங்களை மாட்டிவிடும். ‘ஆர்கானிக்’ என்று எழுதினால் 2017-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை வந்து நிற்கும், சான்றிதழ்க் கேள்வி எழும். ‘இயற்கை’, ‘தூய’ போன்ற சொற்களுக்கு 2018-ஆம் ஆண்டு விளம்பர ஒழுங்குமுறையில் நிபந்தனைகள் உண்டு. தீவனம் கடையில் வாங்குகிறீர்கள் என்றால் அந்தச் சொற்களைத் தொடவே வேண்டாம்.

பசுமை அங்காடி, கோவை

பெட்டி விஷயத்தில் நானும் ஒன்று சேர்க்கிறேன், ஏனென்றால் புதியவர்கள் எல்லோரும் முதலில் செய்வது அழகான ஆறு முட்டைப் பெட்டி அச்சடிப்பதுதான். மூடிய பெட்டியில் போட்டு விலை எழுதிவிட்டால் அது முன்கூட்டியே பொட்டலமிட்ட பொருள். எடையளவுச் சட்டப்படி பெயர், முகவரி, எண்ணிக்கை, பொட்டலமிட்ட மாதம், அதிகபட்ச சில்லறை விலை எல்லாம் வேண்டும். உணவுச் சட்டப்படி அசைவக் குறியும் வேண்டும், சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம். திறந்த அட்டையில் முப்பது முட்டையாகக் கொடுத்தால் இந்தத் தொல்லைகள் வராது. என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்வது, அட்டையிலேயே கொடுங்கள், இட்ட தேதியைப் பென்சிலில் முட்டை மேல் எழுதிவிடுங்கள்.

ஜிஎஸ்டி பற்றி யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ஓட்டோடு இருக்கும் முட்டைக்கு வரி இல்லை.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், நாமக்கல்

படித்துக்கொண்டே வந்தேன். எல்லோரும் காகிதத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், கோழியைப் பற்றி யாரும் பேசவில்லை. எனக்கு அது வருத்தமாக இருக்கிறது.

கோழிக்குச் சளி என்றதும் மருந்துக் கடையில் எதையாவது வாங்கித் தண்ணீரில் கலக்கிக் கொடுக்கிறார்கள். அந்த மருந்து முட்டைக்குள் போகும். எந்த மருந்தாக இருந்தாலும் கடைசி நாள் கொடுத்ததிலிருந்து எத்தனை நாள் முட்டையை மனிதர்கள் சாப்பிடக் கூடாது என்று சீட்டில் போட்டிருக்கும். அந்த நாட்களில் இடுவதை விற்கக் கூடாது, வீட்டிலும் சாப்பிடக் கூடாது. நைட்ரோஃபியூரான் வகை மருந்துகளை உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்குக் கொடுக்கவே கூடாது. கோலிஸ்டின் என்ற மருந்தை 2019-இல் மத்திய அரசு கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் தடை செய்தது, ஏனென்றால் மனிதர்களுக்கு வேறு எந்த மருந்தும் கேட்காதபோது கடைசியாகக் கொடுக்கும் மருந்து அது. விவசாயிக்கு விலக்கு, விலக்கு என்கிறீர்கள். பதிவிலிருந்து விலக்கு இருக்கலாம், இந்தப் பொறுப்பிலிருந்து யாருக்கும் விலக்கு இல்லை.

22 கோழி வைத்திருப்பவரையும் கட்டாயமாகப் பிடிக்கிற ஒரு சட்டம் உண்டு. விலங்குகளின் தொற்றுநோய் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், 2009. வெள்ளைக் கழிச்சல், பறவைக் காய்ச்சல் போன்ற பட்டியலிட்ட நோய் என்று சந்தேகம் வந்தாலே வளர்ப்பவர் தகவல் சொல்ல வேண்டும். கோழிகள் திடீரென்று வரிசையாகச் சாகும்போது மிச்சத்தைச் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள், அதுதான் நோயை ஊர் ஊராகக் கொண்டுசேர்க்கிறது. பறவைக் காய்ச்சல் உறுதியானால் அந்த இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் வீட்டுக் கோழிகளையும் அழிப்பார்கள், முட்டையையும் அழிப்பார்கள். புறக்கடைக் கோழி, பண்ணைக் கோழி என்று பார்க்க மாட்டார்கள்.

கழிச்சல் தடுப்பூசியை ஆண்டுக்கு ஒரு முறை அரசு முகாமில் இலவசமாகவே போடுகிறார்கள். கொண்டுபோய்ப் போட்டுக்கொள்ளுங்கள். முட்டையைத் தண்ணீரில் கழுவாதீர்கள். ஓட்டின் மேல் ஒரு மெல்லிய பூச்சு இருக்கிறது, கழுவினால் அது போய்விடும், கிருமி உள்ளே நுழையும். எச்சம் ஒட்டியிருந்தால் உலர்ந்த துணியால் துடையுங்கள், ரொம்ப அழுக்கானதை விற்காதீர்கள். முட்டையிடும் பெட்டியில் வைக்கோலை அடிக்கடி மாற்றினாலே பாதி அழுக்கு குறையும்.

செம்பருத்தி, கோவை

டாக்டர் ஐயா, மிக்க நன்றி. தடுப்பூசி போட்டிருக்கிறேன். குடற்புழு மருந்து கொடுத்த நாட்களைக் குறித்து வைக்கும் பழக்கம் இல்லை, இனி குறித்து வைக்கிறேன்.

இன்னொரு கேள்வி. சேவல் கூவுகிறது, நாற்றம் வருகிறது என்று மாநகராட்சியில் புகார் கொடுப்பேன் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். அதற்கும் முட்டை விற்பதற்கும் சம்பந்தம் உண்டா?

கருப்புக்கோட்டு, மதுரை

உணவுச் சட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் நடைமுறையில் சிறு வளர்ப்பாளர்களுக்கு வரும் வம்பு பெரும்பாலும் இந்த வழியில்தான் வரும். பொதுத் தொல்லை என்று புகார் வந்தால் கோட்டாட்சியரோ வட்டாட்சியரோ விசாரித்து அகற்றச் சொல்லலாம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152. மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி பற்றி யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம், அந்த வழிகாட்டுதல்கள் 5,000 கோழிகளுக்கு மேல் உள்ள பண்ணைகளுக்கானவை. முட்டைக்குச் சேவல் தேவையில்லை. குஞ்சு பொரிக்க வேண்டியதில்லை என்றால் சேவலை ஊருக்கு அனுப்பிவிட்டுச் சமாதானமாகப் போங்கள். எச்சத்தை மண்ணோடும் சருகோடும் சேர்த்து மூடி வையுங்கள். பெரும்பாலான புகார்கள் அதிலேயே அடங்கிவிடும்.

தேம்ஸ்கரை, லண்டன்

இங்கே இங்கிலாந்தில் எங்கள் பின்தோட்டத்தில் ஆறு கோழிகள் இருக்கின்றன. ஒப்பிட்டுப் பார்க்க உதவும் என்று எழுதுகிறேன். 2024 அக்டோபர் 1 முதல் ஒரே ஒரு கோழி வைத்திருந்தாலும் அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். உணவுச் சட்டம் காரணமில்லை, பறவைக் காய்ச்சல்தான் காரணம். முட்டை விற்பது வேறு கணக்கு. 50 கோழிக்குக் குறைவாக இருந்து வீட்டு வாசலிலோ உள்ளூர்ச் சந்தையிலோ நேரடியாக விற்றால் முட்டை மேல் முத்திரை வேண்டாம். சந்தை என்றால் பெயரும் முகவரியும் தேதியும் எழுதி வைக்க வேண்டும். கடைக்குக் கொடுக்க வேண்டுமானால் அங்கீகரித்த நிலையத்தில் தரம் பிரித்து முத்திரையிட வேண்டும்.

அதாவது 50 என்று ஓர் எண் எழுதிவிட்டார்கள். அதற்குக் கீழே இருப்பவர் நிம்மதியாக இருக்கிறார், மேலே இருப்பவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். நம் ஊர்ச் சட்டத்திலும் கோழி இறைச்சிக்கு அப்படி ஓர் எண் இருக்கிறதே, நாளுக்கு 50 பறவைகள்வரை அறுப்பவர் பதிவோடு நிற்கலாம் என்று. வீட்டு முட்டைக்கும் ஓர் எண் எழுதிவிட்டால் இந்தத் திரியே தேவைப்பட்டிருக்காது.

சிறுவிடை, தாராபுரம்

இதை மனதார வரவேற்கிறேன். 50 கோழியோ 100 கோழியோ, ஓர் எண் போட்டு அதற்குக் கீழே நேரடி விற்பனைக்கு எதுவும் வேண்டாம் என்று ஒரு வரி எழுதிவிடட்டும். நோய்க்காகக் கோழிகளைப் பதிவு செய்யச் சொன்னால் நானே முதல் ஆளாகப் போய் நிற்பேன். கால்நடை மருந்தகத்தில் பெயர் கொடுப்பது வேறு, என்னை உணவு வணிகர் என்று எழுதுவது வேறு. மருத்துவர் வந்தால் கோழிக்கு நல்லது நடக்கும்.

பசுமை அங்காடி, கோவை

அந்த ஒரு வரி வரும்வரை என் கடை எப்படி ஓடுவது? ஆய்வுக்கு வரும் அலுவலரிடம் 18(3)-ஐ விளக்கிக்கொண்டிருக்க எனக்கு நேரமும் இல்லை, தைரியமும் இல்லை. சட்டம் விவசாயிக்குப் பதிவு வேண்டாம் என்கிறது. அதே சட்டத்தின் ஒழுங்குமுறை என்னைப் பார்த்துப் பதிவு உள்ளவரிடம்தான் வாங்கு என்கிறது. இரண்டுக்கும் நடுவில் நிற்பது நான். இந்த முரண்பாட்டைச் செம்பருத்தி அக்கா ஒரு 100 ரூபாயில் தீர்த்துவிட முடியும் என்றால் அதைத்தான் கேட்பேன்.

கருப்புக்கோட்டு, மதுரை

அங்காடிக்காரர் நிலையில் அது நியாயம்தான். விவசாயியிடம் வாங்கியதற்கு அவருடைய பெயர், ஊர், தேதி, எண்ணிக்கையோடு கையெழுத்து வாங்கி வைத்தால் அது நல்ல வாதம் என்பது என் கருத்து. அந்த வாதத்தை நடத்தும் செலவைச் சின்னக் கடைக்காரர் மேல் சுமத்த முடியாது.

குழுத்தலைவி, சிவகங்கை

நான் இப்போதுதான் இந்தத் திரியைப் பார்த்தேன். எங்கள் ஊரில் அரசுத் திட்டத்தில் பெண்களுக்கு 50 சதவீத மானியத்தில் ஆளுக்கு 40 நாட்டுக்கோழிக் குஞ்சு கொடுத்தார்கள். எங்கள் குழுவில் பன்னிரண்டு பேர் வளர்க்கிறோம். ஒருவர் வீட்டில் ஒரு நாளைக்கு நாலு முட்டைதான் மிஞ்சும், அதற்காக ஒவ்வொருத்தியும் காரைக்குடிக்குப் பஸ் ஏற முடியாது. அதனால் எல்லா வீட்டு முட்டையையும் என் வீட்டில் சேர்த்து, வாரம் இரண்டு முறை நானே கொண்டுபோய் ஹோட்டலுக்கும் கடைக்கும் கொடுக்கிறேன். சார் மேலே, பக்கத்து வீட்டு முட்டையைச் சேர்த்து விற்றால் வியாபாரி என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் பன்னிரண்டு பேரும் பதிவு செய்ய வேண்டுமா? எங்களில் பாதிப் பேருக்கு மின்னஞ்சல் முகவரியே கிடையாது.

கருப்புக்கோட்டு, மதுரை

அக்கா, பன்னிரண்டு பேருக்கும் தேவையில்லை. அவரவர் வீட்டில் முட்டை இருக்கும்வரை அவர்கள் விவசாயிகள். நீங்கள் அவர்களிடம் காசு கொடுத்து வாங்கிக் கூட்டி விற்றால் அந்த முட்டை உங்கள் கையில் முதன்மை உணவு ஆகிவிடுகிறது. ஆகவே ஒரு பதிவு, அது குழுவின் பெயரில் இருப்பது நல்லது. உங்கள் ஒருவர் பெயரில் எடுத்தால் நாளைக்கு ஏதாவது நடந்தால் பொறுப்பு முழுவதும் உங்கள் ஒருவர் மேல் வரும். விண்ணப்பித்து ஏழு நாளில் பதிவோ, மறுப்போ, ஆய்வு அறிவிப்போ வராவிட்டால் தொழிலைத் தொடங்கலாம் என்று 2011 ஒழுங்குமுறையிலேயே இருக்கிறது. ஹோட்டல்காரர்களும் எண் கேட்பார்கள், அதற்கும் உதவும்.

சிறுவிடை, தாராபுரம்

இங்கேதான் எனக்கு ஒப்பவில்லை. பன்னிரண்டு பேரும் விவசாயிகள், தூக்கிக்கொண்டு போகிறவரும் விவசாயி. பன்னிரண்டு விவசாயிகள் ஒரே கூடையில் முட்டை போட்டால் திடீரென்று விவசாயி அல்லாதவர் எங்கிருந்து வருகிறார்? அவர் வாங்கி விற்கவில்லை, தோழிகளுக்காகச் சுமந்து போகிறார். விற்ற காசை அப்படியே பிரித்துக் கொடுத்தால்?

கருப்புக்கோட்டு, மதுரை

விற்ற காசை அப்படியே பிரித்துக் கொடுத்து, யார் முட்டை எத்தனை என்று நோட்டிலும் இருந்தால் நீங்கள் சொல்வது நிற்க வாய்ப்பு உண்டு. முன்கூட்டியே ஒரு விலை கொடுத்து எடுத்துவிட்டு மேலே லாபம் வைத்தால் நிற்காது. அக்கா, நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

குழுத்தலைவி, சிவகங்கை

முட்டைக்கு 11 ரூபாய் அன்றைக்கே கொடுத்துவிடுகிறேன் சார். அவர்களுக்கு அன்றைக்குக் காசு வேண்டும், ஹோட்டல்காரர் கொடுக்கும்வரை காத்திருக்க முடியாது. பஸ் செலவும் உடைந்ததும் போக மிச்சம் என்னுடையது.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், நாமக்கல்

அப்படியானால் பதிவு எடுத்துவிடுங்கள் அம்மா. அந்த நோட்டையும் விடாதீர்கள். எந்த வீட்டு முட்டை, எந்த நாள், அந்த வீட்டில் கோழிக்கு மருந்து ஏதாவது கொடுத்தார்களா என்று மூன்று பத்தி போட்டுக்கொள்ளுங்கள். மருந்து கொடுத்த வீட்டு முட்டையை அந்த வாரம் தனியாக வைத்துவிடுங்கள், கூடையில் கலந்துவிட்டால் அப்புறம் பிரிக்க முடியாது.

செம்பருத்தி, கோவை

எல்லோருக்கும் நன்றி. தெருவில் கொடுப்பதை இப்போது போலவே தொடர்கிறேன். அங்காடிக்காகப் படிவம் ‘ஏ’ போடுகிறேன், பெட்டி அச்சடிக்கவில்லை, அட்டையில்தான் கொடுக்கப்போகிறேன். சேவலை என் தம்பி பொள்ளாச்சிக்குக் கொண்டுபோகிறான். சிறுவிடை அண்ணா, ஓர் எண் வேண்டும் என்று மனு எழுதுவதாக இருந்தால் சொல்லுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

சிறுவிடை, தாராபுரம்

எழுதுகிறேன் அம்மா. நேரடி விற்பனைக்கு 50 கோழிவரை, பெண்கள் குழுவுக்கு ஆளுக்கு 50 வீதம் என்று கேட்கப்போகிறேன். கருப்புக்கோட்டு ஐயா வாசகத்தைச் சரிபார்த்துக் கொடுத்தால் அடுத்த வாரமே அனுப்பிவிடலாம்.